கழுத்துப் பக்கத்துப் பிக்கப்

9 மே 1983, திங்கள்

காலை ஷிப்ட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால் போட்டு மாளவில்லை. ஹெட்போன் அழுத்திய காதோடு சாயங்காலம் எங்கள் பாட்டுக் குழு ரிகர்சலுக்குப் போனேன்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் இன்றுதான் மைக் முன்னால் நின்றார். குரல் வந்தது, அடியில் மட்டும். மேலே ஏறப் போனால் வெறும் காற்று. சரணத்தில் என் கிடார் அவர் குரல்மேல் தகரத்தைத் தட்டுவது போல விழுந்தது. வால்யூமைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் தகரம்தான், சின்னத் தகரம். “தலை வலிக்கி” என்று சொல்லிவிட்டுப் பாதியில் வெளியே போய்விட்டார்.

குழுவை நடத்தும் பிச்சையா அண்ணாச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “தப்பா நெனைக்காத தாயி. குத்தாலம் சீசனுக்குப் புளியங்குடியில ஒரு பாட்டுக்காரனைச் சொல்லி வச்சிருக்கேன். சிவசைலம் ஒடம்பு தேறட்டும்.”

தேறட்டும் என்றால்? பழைய குரல் இனி வராது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

10 மே

ரேடியோ போட்டேன். நிறுத்திவிட்டார்.

13 மே

குரலை மாற்ற முடியாது. கிடாரை மாற்றலாம் இல்லையா?

என் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் இரண்டு காந்தக் கட்டைகள் உண்டு; பிக்கப் என்பார்கள், கம்பியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பவை. கம்பிகள் முடிகிற பிரிட்ஜ் பக்கம் ஒன்று, அது கூராகப் பேசும். கழுத்துப் பக்கம் ஒன்று, அது கனிவாகப் பேசும். அந்த நெக் பிக்கப் முந்தின வருஷம் சாரலில் நனைந்து செத்துப்போனது. அப்போது நான் கவலைப்படவில்லை. இவர் குரலுக்கு முன்னால் எந்தத் தகரமும் நிற்காது. இப்போது அப்படியா?

15 மே, ஞாயிறு

மைக்செட் கடை ஒலி முகம்மது அண்ணனிடம் போனேன். நெக்குக்குப் போட இரண்டு வைத்திருந்தார். உடைந்துபோன ஜப்பான் கிடாரில் கழற்றிய அகலமானது ஒன்று, நம்மூர்த் தயாரிப்பில் ஒல்லியானது ஒன்று.

“அகலத்தையே போடு தங்கச்சி. ரெட்டைச் சுருள். இரைச்சலே இருக்காது. ஒல்லி டியூப்லைட்டைக் கண்டாலே கொர்ருங்கும்.”

எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் அதை வைக்கக் கிடார் மரத்தைக் குடைய வேண்டும். கம்பிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அது பிரிட்ஜ் பக்கத்துக்காகச் செய்தது. கழுத்துப் பக்கம் கம்பிகள் நெருங்கி வருவதால், ஓரத்துக் காந்த முளைகள் கம்பிக்கு வெளியே நின்றன. கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று இரண்டையும் வாங்கி வந்தேன்.

இவரைக் கூப்பிட்டேன். “நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயரில் ஒயரைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேலே பிடித்துக்கொண்டு தட்டிப் பார்த்தேன். அகலமானது முழங்கியது. ஒல்லியானது கொஞ்சம் இரைந்தது.

“ஏட்டி, ரெண்டாவது.” உள்ளேயிருந்து குரல். “மொதல்லது கம்பளியப் போத்துன மாரி இருக்கு. இதுல ஒவ்வொரு கம்பியும் தனியாக் கேக்குது.”

ஆறு நாளில் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது இதுதான்.

17 மே

ஒல்லியானதைக் கழுத்துப் பக்கம் பொருத்திச் சால்டர் வைத்தேன். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டார். விரலில் சுட்டும் விடவில்லை.

ஒல்லி மட்டும் நன்றாக இருந்தது. பிரிட்ஜ் பக்கத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டால் சத்தம் சவசவ என்று உள்ளே இழுத்துக்கொண்டது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது போல. புதியதின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தேன், சரியானது. ஆனால் தடித்த கம்பியில் சுரம் ஆடியது. சுதி வைக்க வைக்க ஆடியது. எனக்குப் பொறுமை போய், இந்தச் சனியனைத் தூக்கி எறியப்போறேன்னு கத்திட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். “கம்பிகிட்ட ரொம்ப ஒட்டி நிக்கி. காந்தம் இழுக்குதுட்டி. எறக்கு.”

திருகாணியைத் திருப்பி இறக்கினேன். ஆட்டம் நின்றது. அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. அவர் சேர்ந்து பாடினார், பழைய சுருதிக்கு ரொம்பக் கீழே. குரலில் ஒரு சொரசொரப்பு. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் கேட்டது. கிடார் அடியில் கிடந்தது, மேலே விழவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாத. சுதி போயிரும்.”

24 ஜூன்

அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து இவர் பாடக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். புளியங்குடிக்காரரை விட முடியாது, சொன்ன சொல் என்றார். “ஒரு பாட்டு சிவசைலம் பாடட்டும்.”

ஒரு பாட்டு. முன்பு மேடை முழுக்க இவருடையது. இவர், “சரி அண்ணாச்சி” என்றார்.

16 ஜூலை

குற்றாலத்தில் கச்சேரி. சாரல். ஈரத் துண்டோடு ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். புளியங்குடிக்காரர் நன்றாகவே பாடினார், கைதட்டலும் கிடைத்தது.

பிறகு இவர். ஸ்விட்சை நெக் பக்கம் தள்ளினேன். மேடை டியூப்லைட்டுக்குக் கொர்ரென்றது. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்ததும் இரைச்சல் அமுங்கியது. முதல் அடியிலேயே சிலர் எழுந்து போனார்கள். அவர் பார்க்கவில்லையா, பார்த்தும் பாடினாரா? ஓர் இடத்தில் குரல் அறுந்தது. அந்த இடத்தை நான் வாசித்தேன், அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டார். முடிந்தபோது பெரிய கைதட்டல் இல்லை. ஆனால் முன்வரிசையில் பேச்சு நின்றிருந்தது.

வேனில் வரும்போது தூங்கிவிட்டார், என் தோளில்.

27 நவம்பர், ஞாயிறு

கடையத்திலிருந்து ஒரு டிரங்க் கால். கேட்ட நம்பர் பிச்சையா அண்ணாச்சி கடை. போட்டுக் கொடுத்துவிட்டு, இரு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்க லைனில் இருந்தேன்.

“தை மாசம் மகளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. கச்சேரி வேணும். குத்தாலத்துல அடிக்குரல்ல தாழக்க ஒருத்தர் பாடுனாருல்லா, அவரு வருவாரா?”

“வருவாரு. ஆனா ரெண்டு மூணு பாட்டுதான் பாடுவாரு.”

“அது போதும்.”

அதற்கு மேல் கேட்கக் கூடாது. விலகிக்கொண்டேன்.

எக்ஸ்சேஞ்சில் காதில் விழுவதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்போது அண்ணாச்சியின் சைக்கிள் வாசலில் நின்றது. இவர் எழுந்து போனார்.

நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.