சீனியை விட்ட மச்சாளுக்கு

என் அருமை மச்சாள்,

போன இடத்திலும் உங்கள் வாய் சும்மா இருக்காது என்று தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நேற்று நான் ஒரு எம்.பி.யின் வீட்டுக்குப் போய் உங்கள் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். கோபம் என்றால் கனவில் வந்து ஏசுங்கள்.

நான் தனியாகப் போகவில்லை. என்னைப் போலச் சுகாதாரக் கல்வி வேலை பார்க்கிற இரண்டு பேரும் கூட வந்தார்கள். நாங்கள் கேட்டது ஒன்றுதான். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் நீரிழிவு கிளினிக் நடக்கிற நாளில், மருந்து கொடுக்கிறவரைத் தவிர, உட்கார்ந்து பேசுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். என்ன சாப்பிடலாம், கால்களைப் புண்ணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நம் ஊர்ப் பேச்சில் ஆறுதலாகச் சொல்ல ஒரு ஆள். இப்போது அதைக் கேட்க, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிறவர்கள் தோணியும் பஸ்ஸும் ஏறி டவுனுக்கு வரவேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அந்த நியமனங்களைப் பாராளுமன்றத்தில் பேசிக் கேட்டுத் தாருங்கள் என்று போனோம்.

அவர் நல்ல மனுசன்தான். எங்களை இருக்கச் சொல்லி, ஃபேனைப் போட்டுவிட்டு, எல்லாம் கேட்டார். பிறகு சிரித்தார்.

“சீனி சாப்பிடாதீங்க எண்டு சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா மிஸ்? இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. எனக்கும் இந்த நீரிழிவு வருத்தம் இருக்கு. நான் சீனிய விட்டு எவ்வளவு காலம்!”

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. எங்களுக்குச் சீனி போட்டது. அவருக்கு வெறும் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு தட்டில் சர்க்கரைத் துண்டு, அதுதான் வெல்லக் கட்டி. அதைக் கடித்துக்கொண்டு அவர் நிம்மதியாக ஒரு மிடறு குடித்தார்.

மச்சாள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செட்டிபாளையத்து வீட்டில் நீங்கள் செய்ததும் இதுதானே? வருத்தத்துக்குப் பெயர் சீனி வருத்தம், ஆகவே குற்றவாளி சீனி. கடைச் சீனியை வாசற்படி தாண்ட விடமாட்டீர்கள். அண்ணன் தன் கோப்பையில் களவாக ஒரு கரண்டி போட்டாலும் ஊர் கேட்க ஏசுவீர்கள். அவ்வளவு கடுமையான பத்தியம். ஆனால் தேத்தண்ணிக்கு மட்டும் சர்க்கரைத் துண்டு தவறாது.

நான் வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து அதைக் கண்டபோது, உங்கள் காலில் புண் ஆறாமல் கிடந்தது. துண்டைப் பறித்தேன். விட்டீர்களா?

“என்ன கா விசர்க் கதை கதைக்கிறாய்? இது சீனியா? சக்கரை! சாமிக்குப் படைக்கிற சாமான். வருத்தத்துக்குப் பேர் சீனி வருத்தம்தானே, சக்கரை வருத்தமா?”

உங்களில் என்ன பிழை? கிளினிக்கில் சீனியை விடச் சொன்னார்கள், விட்டீர்கள். அதற்குமேல் சொல்ல அந்த நெரிசலில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. முதலில் விரல் போனது, பிறகு கால். பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

“சேர், என்ட மச்சாளும் சீனிய விட்டவதான்” என்று தொடங்கினேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். உடம்புக்குள் போனால் சர்க்கரையும் சீனிதான் என்றேன். அவர் கையில் இருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார். மெல்லத் தட்டில் வைத்தார். அவருடைய மனைவிதான் முதலில் வாய் திறந்தா.

“நான்தானே இவ்வளவு காலமும் உடைச்சு உடைச்சுக் குடுக்கிறன். எங்களுக்கு ஆரும் சொல்லல்லயே மிஸ்!”

“சொல்றதுக்குத்தான் ஆள் கேக்கிறம் அம்மா.”

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. அரசியல்வாதிகளின் “பாப்பம்” எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். இவர் அதைச் சொல்லவில்லை. சுகாதாரத்துக்கான விவாதம் வரும்போது தானே எழுந்து பேசுவேன் என்றார். “உங்கட மச்சாள்ட கதைய அங்க சொல்லலாமா?” என்றும் கேட்டார். உங்களுக்காக நான் ஓம் சொன்னேன். வாழ்நாளெல்லாம் பேசிய வாய், பாராளுமன்றத்திலும் கொஞ்சம் பேசட்டுமே.

நியமனம் வருமா? வரும். இழுத்தடித்தால் மற்ற எம்.பி.மாரின் வீடுகளும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்போம்.

வருகிற கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். படையலுக்கு என்ன வைக்கிறது என்று கேட்டுவிட்டு அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் தேத்தண்ணியும் பெரிய சர்க்கரைத் துண்டும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கையிலிருந்து அதைப் பறித்தவளே இனி எடுத்து வைப்பாள். ஆசை தீரக் கடித்துக் குடியுங்கள் மச்சாள், இனி உங்களை அது ஒன்றும் செய்யாது. ஆனால் படுவான்கரையில் உங்களைப் போல ஒருத்தி அதைக் கையில் எடுக்கும்போது, “வையுங்க கா, இதுவும் சீனிதான்” என்று சொல்லக் கிட்டத்தில் ஒரு ஆள் வரும்வரை நான் ஓயமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஏச்சு வாங்க ஆளில்லாமல் தவிக்கிற,
உங்கள் புருசனின் தங்கச்சி,
உங்கள் மச்சாள்.