பேசச் சொன்ன இடத்தில்

மாஷே,

மட்டாஞ்சேரி ஆட்டோ நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கிட்டங்கி முற்றத்தில் சுக்கு காயப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காரமான வாசனை வந்ததும் நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள்.

அந்தப் பெண்ணின் வீடும் ஒரு சுக்குக் கிட்டங்கிக்குப் பின்னால்தான் இருந்தது. உங்கள் ஏழாம் வகுப்பு மாணவி. கணக்கில் வழி எழுதாமல் விடையை மட்டும் சரியாக எழுதியிருந்தாள். பார்த்து எழுதிவிட்டாள் என்று நினைத்து, ஸ்கேலால் உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தீர்கள். அவள் அழுதுகொண்டே கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். உங்கள் வழியைவிடச் சின்ன வழி.

ஆசிரியர் அறையில், சக வாத்தியாரான நான்தான் உங்களுக்குச் சமாதானம் சொன்னேன். “விடுங்க மாஷே. அடிச்சதுனாலதானே அவ கெட்டிக்காரத்தனம் வெளிய வந்துச்சு?”

யூதரான நீங்கள் உங்கள் வேதத்திலிருந்து பதில் சொன்னீர்கள். பாலைவனத்தில் ஜனங்கள் தாகத்தால் தவித்தபோது, ‘பாறையிடம் பேசு, தண்ணீர் வரும்’ என்று கடவுள் மோசேயிடம் சொன்னார். கோபத்தில் இருந்த மோசே கோலால் இரண்டு முறை அடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால் அத்தனை வருடம் ஜனங்களை நடத்தி வந்தவருக்கு, வாக்களித்த நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. மலைமேல் நின்று பார்த்ததோடு சரி.

“ரெண்டு அடிக்கு இவ்வளவு தண்டனையா? இது என்ன நியாயம்?” என்றேன்.

உங்கள் மலையாளம் கலந்த தமிழில் சொன்னீர்கள்: “தண்ணி வந்தது தாகிச்சவங்களுக்காக்கும், அடிச்சவனுக்கு இல்ல. முன்னால நடக்கறவன் சொல்லு கேக்கலேன்னா, பின்னால வர்றவங்க அடிதான் வழின்னு நெனச்சுக்கும்.”

அதுவரை உங்கள் கடவுளின் தீர்ப்பு எனக்கு வெறும் கோபமாகத்தான் தெரிந்தது. பின்னால் வருகிறவர்கள் மேலுள்ள கரிசனமாக அதைப் பார்க்க வைத்தவர் நீங்கள்.

மறுநாள் சாயங்காலம், பாவமன்னிப்புக் கேட்கும் உங்கள் பெரிய நோன்பு தொடங்க இருந்தது. “கடவுளுக்குச் செஞ்ச தப்புக்கு அவர்கிட்ட கேக்கலாம். குட்டிக்குச் செஞ்சதுக்கு குட்டிகிட்டதான் கேக்கணும். அவ பொறுக்கலேன்னா என் பட்டினிக்கு அர்த்தமில்ல.” அன்றைக்கே அவள் வீட்டுக்குத் துணைக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள்.

வாசலில் இரண்டு வாத்தியார்களைக் கண்டதும் அவள் அம்மா பயந்துபோனாள். “என்ன பண்ணித் தொலைச்சா சாரே?”

“அவ ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான்” என்று சொல்லி, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

அவள் தலை நிமிரவே இல்லை. “இங்க சொன்னா போதாது சாரே. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க.”

அம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். நீங்கள் தடுத்தீர்கள். “குட்டி சொல்றது செரியாக்கும்.”

திரும்பும் வழியெல்லாம் நான் வாதாடினேன். “பிள்ளைங்க முன்னால தாழ்ந்துட்டா நாளைக்கு யாரு பயப்படுவாங்க மாஷே?”

“பயந்துதான் கேக்கணுமா? பேசியிருந்தா பாறையே கேட்டிருக்குமே!”

மறுநாள் முதல் பீரியடில் நான் வராந்தாவில் நின்றேன். நடந்ததையெல்லாம் வகுப்பில் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, “போதுமா?” என்றீர்கள்.

“போதும் சாரே. இனிமே என் வழியில போடட்டுமா?”

வகுப்பே சிரித்தது. நீங்களும்தான். அன்று மாலை ஜெபாலயத்துக்குப் போனபோது உங்கள் முகத்தில் இருந்த தெளிவை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

மூன்று நாளுக்கு முன்பு, என் குடையை எடுத்துவிட்டார் என்று ஓர் ஆட்டோக்காரரை இதே நிறுத்தத்தில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். குடை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இப்போது அது என் மடியில்.

சற்று முன் அவர் மட்டும் வந்து வண்டியை நிறுத்தினார். “எங்க போகணும் சாரே?” என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். அப்போதே காதோடு காதாகச் சொல்லி முடித்திருக்கலாம்.

“எங்கயும் இல்ல சேட்டா. மத்தவங்களும் வரட்டும்” என்றேன்.

அன்று இங்கே நின்றவற்றில் இன்னும் இரண்டு ஆட்டோ வர வேண்டும், மாஷே.