பாதியில் நிற்காத பாட்டு

என் செல்ல மகளுக்கு,

இன்று காலை கடையில் சோயா பால் காய்ச்சும்போது, நீ சேர்த்து வைத்த பாட்டுகளை வரிசை கலைத்து ஓடவிட்டேன். முதலில் வந்தவன் ஜலதோஷத்தோடு பாடினான். அடுத்தது ஒரே இடி. "என்னடா இது, எவனாவது பூனை வாலை மிதிச்சிட்டானா?" என்று பால் வாங்க வந்த லியாவ் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது நம் தைவான் மொழியில் பழைய பாட்டு. எனக்காகச் சேர்த்தாயா?

போனில் பாட்டுக் கேட்கும் செயலியில் நம் இருவருக்கும் ஒரே கணக்கு; ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். நீ போட்டால் எனக்கு நின்றுவிடும், நான் போட்டால் உனக்கு. உடனே தைபேயிலிருந்து போனில் கத்துவாய்.

"அப்பா, பஸ்ல கேட்டுட்டு வரேன்ல? நிறுத்துப்பா!"

"நீ நிறுத்துடி. என் கடை ஊமையா கிடக்கணுமா?"

மலையில் உன்னைத் தேடப் போனவர்கள் நேற்று இறங்கிவிட்டார்கள். இனிப் போக மாட்டார்களாம். உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் உன் போர்வையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

கடை மூடும்வரை ஒரு பாட்டுகூடப் பாதியில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் முடிவுவரை கேட்டேன்.

நாளையும் போடுவேன். நடுவில் வந்து நிறுத்து, கண்ணு. சண்டை பிடிக்க மாட்டேன்.

அப்பா