நிரஞ்சனியின் பொலிஸ் பாடம்

மொன்றியல்
நவம்பர் 9

அன்புள்ள மகன் அன்டனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி நிரஞ்சனியும் சுகம், கல்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய், அம்மா பக்கத்தில் நின்றால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அவளுடைய முழங்கால் நோவு இப்போது பரவாயில்லை.

நிரஞ்சனியின் பள்ளிக்கூடத்தில் பொலிஸ் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். சட்டம், முதலுதவி, ஓட்டம், ஆட்களை மறித்து விசாரிக்கும் முறை எல்லாம் உண்டாம். எங்களிடம் கேட்காமலே சேர்ந்துவிட்டாள், நான் ஏதோ உடற்பயிற்சி வகுப்பு என்றே நினைத்திருந்தேன். இனிப் பொலிஸ் நிலையத்துக்கும் கூட்டிப் போவார்களாம், அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், நாளை திங்கட்கிழமை கடைசி நாள். கோயிலில் சவிரிமுத்து அண்ணையிடம் சொன்னேன், "எங்கட பிள்ளையளும் அதுக்குள்ள இருந்தால்தானே எங்களுக்குப் பெலன்" என்று சிரித்தார். அவருடைய மகள் பல் வைத்தியம் படிக்கிறாள், அவர் சிரிக்கலாம். கத்தியோடு எவனாவது நிற்கும் இடத்துக்கு என் பிள்ளை போகவேண்டி வரும் என்று நினைத்து அந்தப் படிவத்தை இவ்வளவு நாளும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை வீட்டுப் பாடம் பழக ஆள் வேண்டும் என்று என்னை ஹோலில் நிற்கச் சொன்னாள். ஒருவரை மறித்துப் பெயர் கேட்பதுதான் பயிற்சி. பொலிஸ் மாதிரிக் குரலை மாற்றி "பொன்ஜூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள், அவ்வளவுதான். நான் சேர்ட்டை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்தபடி மெல்லச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் பேர்தான் கேக்கப் போறன்" என்றாள், என் கை இறங்கவில்லை. மன்னாரில் ஆமிக்காரனின் காவலரணில், இடுப்பில் குண்டு கட்டவில்லை என்று ஒரு நாளைக்கு இரண்டு தரம் அப்படித் திரும்பிக் காட்டியவன் நான். உனக்கு நாலு வயது, யாரும் கேளாமலே நீயும் பக்கத்தில் நின்று உன் சின்னச் சட்டையைத் தூக்குவாய். உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நல்லது. இங்கே வந்து பதினேழு வருடம், எல்லாம் மறந்துவிட்டேன் என்றுதான் இருந்தேன். பெற்ற பிள்ளைக்கு முன்னால் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் என்னிடம் ஏதும் கேட்பதென்றால் இரண்டு அடி தள்ளி நின்று, இரண்டு கையும் தெரிய வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்கிறாள். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்பதும் அப்படித்தான். பயந்துபோன ஆட்களிடம் அப்படிப் போகவேண்டும் என்று அந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

நீ தொலைபேசி எடுத்து இது வேண்டாம் என்றால் கேட்பாள், அதைச் சொல்லச் சொல்லித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது அதை எழுத மனம் வரவில்லை. அவளுக்கு இந்த வேலை நன்றாக வரும் மகன், அதுதான் என் பயமே. வராவிட்டால் தானாகவே விட்டுவிடுவாள். சற்று முன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவளுடைய பையில் வைத்துவிட்டேன், பயம் போகவில்லை.

காதை மூடித் தொப்பி போடு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். மறக்காமல் தங்கச்சிக்கு ஒன்று சொல்லு, பேனையை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்துப் போட்டதில் படிவத்தில் உள்ளது என் கையெழுத்துப் போலவே இல்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டால் அப்பாதான் போட்டவர் என்று சொல்லட்டும்.

அன்புடன்
அப்பா
வே. அருமைநாதன்