அழுக்கென்று கழுவிய பறவை

கண்டி,
வியாழக்கிழமை

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

அப்பா எழுதுவது. கட்டுக்கலைப் பிள்ளையார் தயவில் நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு கூடியிருக்கிறது. நோர்வேயின் பேர்கன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்க அவரையே கேட்டுக்கொள்கிறோம். நீ படம் அனுப்பிக் கேட்ட கடற்காக்கை, என் கணிப்புச் சரியென்றால், முதல் வருஷத்துக் குஞ்சு. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, அலகு கறுப்பு. அந்தப் பெரிய இனம் முழுதாக வெளுக்க நான்கு வருஷம் எடுக்கும். புத்தகத்தோடு இரண்டு தடவை ஒப்பிட்டேன், ஆனாலும் அடித்துச் சொல்லமாட்டேன்.

இங்கே நடந்ததைச் சொன்னால் உனக்குக் குமட்டும். போன வாரக் காற்றில் சின்ன இனக் கடற்காக்கை ஒன்று வழிதவறி நம் வாவிக் கரைச் சுவரில் வந்து உட்கார்ந்திருந்தது. இறக்கையில் பழுப்புப் பட்டை, வால் நுனியில் கறுப்புக் கோடு, கண் கறுப்பு. முதிர்ந்த பறவையென்றால் வால் சுத்த வெள்ளை, கண்ணும் வெளிறியிருக்கும். பிறந்து ஒரு வருஷம் ஆகாதது என்று பட்டது, உறுதி செய்யத் தொலைநோக்கி எடுத்துவர வீட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஃபோன் கடை கஜேந்திரன் அதைப் பிடித்து, தண்ணீர்ப் பேசினில் முக்கி, பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், ஒருவன் வீடியோ எடுத்தான். குஞ்சு தின்ற மீனைக் கக்கியது, அந்த நுரையிலேயே மறுபடி முக்கினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பழுப்புப் போகவில்லை என்று பிரஷ்ஷை எடுத்தான். நான் கிட்டப் போய், அது அழுக்கில்லை தம்பி, அதன் வயசு, அடுத்த வருஷம் தானாக வெளுத்துவிடும் என்றேன்.

“அழுக்குக்கும் வயசு பாக்குறீங்களா அங்கிள்? அந்தப் பக்கம் நில்லுங்க, படத்துல விழுறீங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவைத் தெரியுமே, அவர்கள் சிரித்ததும் எனக்கே சந்தேகம் வந்து தள்ளி நின்றேன். பிறகு இரண்டு இறக்கையையும் பார்த்தேன்; ஒரே இடத்தில், ஒரே அளவில் பட்டை. அழுக்கு அப்படி அளந்து ஒட்டாது. அதற்குள் அவன் அதை வாவியில் விட்டுவிட்டான். தேய்த்ததில் இயற்கை எண்ணெய் போன இறகு தண்ணீரைக் குடித்து, பறவை கழுத்துவரை அமிழ்ந்தது. வீடியோ அதற்கு முன்பே நின்றிருந்தது. படியில் செருப்போடு இறங்கி நான்தான் தூக்கினேன்.

வீட்டில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே வெந்நீர் விளாவித் தந்தாள், சோப்புப் போகும்வரை அலசினோம். என் சட்டையில் அது கக்கியதை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை, அதைவிட அந்தக் கைதட்டல்தான் அருவருப்பு. நேற்று கஜேந்திரன் வாசலுக்கு வந்து, பறவையை விடும்போது ஒரு வீடியோ எடுப்போம், நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றான். வந்தவருக்கு உட்காரக் கதிரை போடுவதுதான் என் பழக்கம். அவனுக்குக் கதவைச் சாத்தினேன். இன்று காலை தொட்டியில் விட்டுப் பார்த்தேன். முதுகு நனையாமல் மிதந்தது. பழுப்பும் கறுப்பும் ஓர் இறகு குறையாமல் அப்படியே இருக்கின்றன. நாளை யாருக்கும் சொல்லாமல் விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம் கொண்டுபோய் விடுவேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிறு அம்மாவோடு பேசு. இருவரும் நிறைந்து வாழ எங்கள் ஆசி.

உன் அன்பு அப்பா,
சு. ராஜலிங்கம்