துரை உயிலும் என் கைநாட்டும்

எட்டுக்கை அம்மன் துணை

சேந்தமங்கலம்,
1933 மாசி 12

தங்கவயலில் சுரங்க வேலை பார்க்கும் என் மகன் மாதேஸ்வரனுக்கு, அப்பன் கருப்பண்ணன் ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? மிளகு விற்க மலையிறங்கி வந்தேன். அப்துல் சலாம் பாய் கடையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

சாமை இந்த வருஷம் பரவாயில்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. பலா மரத்தில் நீ ஏற்றிவிட்ட மிளகுக்கொடி உச்சிவரை போய்விட்டது, பறிக்க ஏணி எட்டவில்லை.

இனி சேதிக்கு வருகிறேன். காப்பித் தோட்டத்து வில்மாட் துரை சீமையில் இறந்துபோனார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் ஜெர்மன் சண்டையிலேயே போய்விட்டார்கள். தோட்டம் இனி யாருக்கு என்று வம்சம் தேடிக்கொண்டு, சேலத்திலிருந்து வக்கீல் குமாஸ்தா குப்புசாமி ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். துரையின் தாத்தா எழுதிய உயில், அப்பா எழுதிய உயில், நிலப் பத்திரங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஊர்க்கவுண்டர் வாசலில் அவற்றைப் பரப்பி, யாருக்குப் பிறகு யார் என்று படித்துக்கொண்டே வந்தார். கடைசியாகத் துரை எழுதிய உயிலில், போய்ச்சேர்ந்த உன் அம்மா பெயர் இருந்தது. ‘தேவனூர் நாட்டுப் பாவாயி வயிற்றில் எனக்குப் பிறந்த மகனுக்குத் தோட்டம் நாற்பது ஏக்கரும்’ என்று துரை எழுதி வைத்திருக்கிறார்.

உயிரோடு இருந்தவரை ஒரு நாள்கூட உன் முகத்தை நின்று பார்க்காத மனுஷன், செத்தபிறகு மகன் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை எட்டி உதைத்திருப்பேன்.

நீ கணக்குப் படித்த பிள்ளை. உனக்கும் எனக்கும் பதினாலு வயதுதான் வித்தியாசம். வயசுக்கு வந்த பெண்ணைச் சிறு பையனுக்குக் கட்டிவைப்பது நம் மலையில் உண்டு. பிள்ளை யாருக்குப் பிறந்தாலும் தாலி கட்டினவன் பிள்ளை. அதைப்பற்றி நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன்னைத் தோளில் வைத்துச் செம்மேட்டுச் சந்தைக்குப் போனால், தம்பியையா தூக்கிக்கொண்டு போகிறாய் என்று கேலி செய்வார்கள். மீசை முளைக்காத முகத்தோடு, ‘எம் மவனுங்க’ என்பேன்.

சர்க்கார் ஆட்கள் நம் நிலத்தை அளந்து எழுதியபோதும் உன்னை அப்படித்தான், என் மகன் என்று எழுதவைத்தேன். இப்போது அதுவே குறுக்கே நிற்கிறது. சர்க்கார் ஏட்டில் கருப்பண்ணன் மகன் என்று இருக்கும்வரை உயில் செல்லாதாம். ‘எனக்குப் பொறந்தவன் இல்லீன்னு நீங்க கைநாட்டு வெச்சாத்தானுங்க ஆகும்’ என்றார் குமாஸ்தா. இல்லாவிட்டால் தோட்டம் துரையின் தம்பி மகனுக்குப் போய்விடும். ஊர்க்கவுண்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். ‘ரோசனை பண்ணிச் செய்யி கருப்பண்ணா. ஊர்முன்னால இல்லீன்னு சொன்னா இல்லதான். உன் காடும் அவனுக்கு இல்ல, உனக்குக் கொள்ளி வெக்கவும் அவன் வரப்படாது, பங்காளிதான் வெக்கோணும்’ என்றார்.

மூன்று நாள் முடியவே முடியாது என்றேன். அப்புறம் உன் போன கடிதம் நினைவுக்கு வந்தது. துப்பினால் கறுப்பாக வருகிறது என்று எழுதியிருந்தாய். என் காடு இரண்டு துண்டுப் பாறை மேடு. அதைக் காட்டி உன்னைக் குழிக்குள்ளேயே விட்டுவைப்பதா? நாலாம் நாள் போய்க் கைநாட்டு வைத்தேன். இவன் எனக்குப் பிறந்தவன் அல்ல என்று குமாஸ்தா படித்தார். ஆமாங்க என்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவை நினைத்து அழுதேன்.

சுரங்கத்தை விட்டு வந்துவிடு. தோட்டத்தை ஏற்றுக்கொள், நல்ல காற்றில் நின்று வேலை செய். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதச் சொன்னேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை எழுதமாட்டேன் என்கிறார். தோட்டத்துக்குப் போகிற பாதை நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. அது உனக்குத் தெரியும்.

அம்மன் உனக்கு நல்ல மூச்சைக் கொடுக்கட்டும். உறைமேல் பெயர் எப்படி எழுதுவது என்று பாய் கேட்கிறார். எப்போதும் போல் கருப்பண்ணன் மகன் மாதேஸ்வரன் என்றே எழுதச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரில் வருகிற கடிதத்தை நீ வாங்கிக்கொண்டால், வாங்கினேன் என்று ஒரு வரி போடு, சாமி.

இப்படிக்கு,
கருப்பண்ணன் கைநாட்டு