இடப் பக்கத்து நாற்காலிகள்

தம்பி,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். என் மகளுக்கு வரும் ஞாயிறு கல்யாணம், அதுவும் கப்பலில்! நூறு வருஷத்து நீராவிக் கப்பலைப் புதுப்பித்து, பித்தளையெல்லாம் பளபளக்க நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று ஒத்திகையில் அதன் சங்கு ஊதியபோது எனக்கே புல்லரித்தது.

ஒரே ஒரு சிக்கல். மேல்தளத்தில் வலப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர். இடப் பக்கம் நாம். நான் சண்டை போட்டவர்களையெல்லாம் பட்டியலில் அடித்தது போக, மிஞ்சியது பதினேழு.

"இப்படி உட்கார்ந்தா கப்பல் சாயும் சார். இந்தப் பக்கம் மணல் மூட்டை அடுக்கிடலாமா?" என்றார் கேப்டன்.

சம்பந்தி ஆட்களைக் கூப்பிட்டு நம் பக்கம் உட்கார வைக்க எனக்கு மானம் இடம் தரவில்லை.

"மூட்டைக்குப் பதிலா சித்தப்பாவைக் கூப்பிடுங்கப்பா. அவரும் கனமாத்தான் இருப்பாரு" என்று சிரித்தாள் மகள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அப்பா சாவுக்கு நீ வராததை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஆனாலும் அடித்த பெயர்களுக்கெல்லாம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் கடிதம் உனக்கு.

குடும்பத்தோடு வா. பத்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும், ஒன்பதுக்கே ஏறிவிடு. உன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போய், அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்ள எனக்கு இனி வயதில்லை.

உன் அண்ணன்